விளைபொருள் ஏற்றும் லாரிகளும் பாதுகாப்பு விதிகளும்

விளைந்த பொருள் களத்தோடு நின்றுவிடுவதில்லை. நெல் கொள்முதல் நிலையத்திற்கும், கரும்பு ஆலைக்கும், காய்கறி சந்தைக்கும் போய்ச் சேர்ந்த பின்னரே குடியானவன் கைக்குப் பணம் வருகிறது. முற்காலத்தில் இவ்வேலையை மாட்டு வண்டிகள் செய்து வந்தன. வண்டி குடை சாய்ந்தால் மூட்டைகள் சிதறும், மாட்டிற்கு அடிபடும். இன்றோ அதே சரக்கு மோட்டார் லாரியில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றது. லாரி கவிழுமாயின் உயிர்ச்சேதம் நேருகின்றது. ஆகவே, லாரி ஓட்டுபவருக்கு வேண்டிய தகுதியும் பயிற்சியும் யாவை, சட்டம் விதிக்கும் கட்டுப்பாடுகள் எவை, அவற்றில் நிலச்சொந்தக்காரரின் பங்கு என்ன என்பவற்றை அறிந்து கொள்ளுதல் அவசியமாகும்.

இந்தியா முழுமைக்குமான மோட்டார் வாகனச் சட்டம் முதன் முதலில் 1914-ஆம் ஆண்டு இயற்றப்பெற்றது. அதற்குப் பதிலாக 1939-இல் விரிவான சட்டமொன்று வந்தது. இப்பொழுது நடைமுறையில் இருப்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். 2019-இல் இது பெரிய அளவில் திருத்தப்பட்டு, அபராதங்கள் பன்மடங்கு உயர்த்தப்பட்டன.

ஓட்டியின் தகுதி

கனமான சரக்கு லாரியை ஓட்டுவோர் 20 வயது நிரம்பியவராயிருத்தல் வேண்டும். இலகு வாகன லைசென்ஸ் பெற்று ஓராண்டேனும் கழிந்த பின்னரே அவர் கன வாகனம் பழகுவதற்கு அனுமதி பெற முடியும். கண் பார்வை முதலியவற்றைப் பற்றிய வைத்தியச் சான்றிதழும் வேண்டும். போக்குவரத்து வாகன லைசென்ஸ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். எளிதில் தீப்பற்றுவனவும் நஞ்சுள்ளனவுமான ஆபத்துச் சரக்குகளை ஏற்றிச் செல்பவருக்கு அது 3 ஆண்டுகளே செல்லும்; இவர் தனிப் பயிற்சியும் பெற்றிருத்தல் வேண்டும்.

மொத்த எடை 7,500 கிலோவிற்கு மேற்படாத சிறு சரக்கு வண்டிகளைப் பற்றி நெடுநாள் ஐயம் இருந்து வந்தது. இலகு வாகன லைசென்ஸ் உடையவர் அவற்றை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் கூறிய தீர்ப்பை, ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. காய்கறி ஏற்றும் சிறு வண்டிகளை வைத்திருப்போருக்கு இது பயன்படும் செய்தியாகும்.

போக்குவரத்து வாகனம் ஓட்டுவோர் 8-ஆம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்றிருந்த நிபந்தனை 2019-இல் நீக்கப்பட்டது. எழுத்தறிவு குறைந்தவரும் தொழிலுக்கு வரலாம் என்றான பின், கைத்திறமையையும் விதியறிவையும் பயிற்சியால் பெறுதல் முன்னிலும் அவசியமாயிற்று. கிளீனராக உடன் சென்று, பார்த்துப் பழகியது மட்டும் போதாது. பிரேக்கு, டயர், விளக்கு ஆகியவற்றைப் புறப்படுமுன் சோதித்தல், பாரத்தைச் சமமாகப் பரப்புதல், இறக்கத்தில் வேகத்தை அடக்குதல், விபத்து நேர்ந்தால் முதலுதவி செய்தல் ஆகிய யாவும் முறையாகக் கற்க வேண்டியவை.

லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பதினெட்டு வயது நிரம்பாத பையனிடம் டிராக்டரைக் கொடுப்பது இன்னும் பெருங்குற்றம். பெற்றோர் அல்லது சொந்தக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதத்துடன் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வயலில் நன்றாக உழுகிறான் என்பதற்காக, பாரம் ஏற்றிய டிரெயிலருடன் பையனை நெடுஞ்சாலைக்கு அனுப்பலாகாது.

பாரத்தின் அளவு

ஒவ்வொரு லாரிக்கும் அதன் அச்சுகளையும் டயர்களையும் பொறுத்து எடை வரம்பு குறிக்கப்பட்டுள்ளது. நான்கு டயர்கள் கொண்ட ஒற்றை அச்சின் வரம்பு 2018-இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. பதிவுச் சான்றிதழில் குறித்துள்ள மொத்த எடைக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதமும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் செலுத்த வேண்டும். மிகுதிப் பாரத்தை இறக்கிய பின்னரே வண்டி நகரலாம். நிறுத்தி எடை போட மறுப்பவருக்கு 40,000 ரூபாய் அபராதம். பக்கங்களிலோ, பின்புறத்திலோ, உயரத்திலோ அளவுக்கு மிஞ்சிச் சரக்கு நீட்டிக் கொண்டிருப்பதற்கும் 20,000 ரூபாய் அபராதம் உண்டு.

இச்சட்டம் ஓட்டுபவரை மட்டும் குறிப்பிடவில்லை. ஓட்டச் செய்பவரையும், ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே குறிப்பிடுகின்றது. "இன்னும் இருபது மூட்டை போட்டுக் கொள், இரண்டாம் நடை மிச்சமாகும்" என்று வற்புறுத்துகின்றவர், தாம் பொறுப்பிலிருந்து நீங்கியவர் என்று எண்ணுதல் கூடாது. மிச்சமாகும் வாடகையைவிட அபராதம் பெரிது என்பதும் கணக்கிட்டால் விளங்கும்.

மிகுதிப் பாரம் சாலையையும் கெடுக்கின்றது. அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனைகளிலிருந்து, அச்சின் பாரம் கூடக்கூடச் சாலையின் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் மடியாகப் பெருகுகின்றது என்று தெரிய வந்தது. அதாவது, அச்சில் ஐந்தில் ஒரு பங்கு பாரம் கூடினால் சேதம் இரட்டிப்பாகும். கிராமச் சாலை விரைவில் குழி விழுவதற்கு மழை மாத்திரம் காரணமன்று.

வேகமும் நிறுத்தமும்

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 10 மீட்டர் ஓடும். தடையைக் கண்டு கால் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகும். பிரேக்குப் பிடித்த பின் நிற்பதற்கு, பிரேக்கும் சாலையும் நன்றாயிருந்தால், மற்றுமொரு 10 மீட்டர் ஆகும். ஆக 20 மீட்டர். வேகம் இரு மடங்காகி 72 கிலோமீட்டரானால், முதல் விநாடியில் 20 மீட்டரும், பிரேக்குப் பிடித்த பின் 40 மீட்டரும், ஆக 60 மீட்டர் செல்லும். வேகம் இரட்டித்தால் பிரேக்குத் தூரம் நான்கு மடங்காகின்றது. மிகுதிப் பாரமும், தேய்ந்த டயரும், ஈரச் சாலையும் இத்தூரத்தை மேலும் நீட்டுகின்றன.

மலைச்சாலையில் ஆபத்து அதிகம். தாளவாடியிலிருந்து சத்தியமங்கலம் இறங்கும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இத்தகைய இறக்கத்தில் வண்டியைக் கீழ்க் கியரில் வைத்து, என்ஜினைக் கொண்டே வேகத்தை அடக்க வேண்டும். டீசலை மிச்சப்படுத்தும் பொருட்டுக் கியரை விலக்கி உருளவிட்டால், முழுப் பாரமும் பிரேக்கின் மீதே விழுந்து, அது சூடேறிப் பயனற்றுப் போகும். அவ்வழியில் மிகுதியாக ஏற்றிய கரும்பு உதிர்வதால் யானைகள் சாலைக்கு வருவதும் உண்டு.

வைக்கோலும் கரும்பும்

வைக்கோல் எடை குறைந்தது. ஆகையால் உயரமாக அடுக்குகின்றனர். உயர்ந்த பாரம் வளைவில் எளிதில் சாயும். தாழ்ந்து தொங்கும் மின்கம்பியில் உரசினால் தீப்பற்றும். ஏற்றி முடித்ததும் உயரத்தை அளந்து பார்த்து, கம்பி தாழ்ந்துள்ள வழியை நீக்கிச் செல்லுதல் நலம். கம்பி வண்டியின் மேல் பட்டுவிட்டால் ஓட்டுபவர் அறையிலேயே அமர்ந்திருந்து, மின்சாரத்தை நிறுத்தச் செய்ய வேண்டும். தீப்பற்றி இறங்கியே தீர வேண்டுமெனில், வண்டியையும் தரையையும் ஒருங்கே தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, அவ்வாறே தத்தித் தத்தி விலகிப் போதல் வேண்டும். வெளியே நிற்பவர் எவரும் வண்டியைத் தொடலாகாது.

கரும்பு ஏற்றிய டிரெயிலர் இரவில் பின்விளக்கின்றிச் செல்வது பின்னால் வருபவருக்கு யமனாகும். தொங்கும் தோகை விளக்கையும், ஒளி திருப்பும் பட்டையையும் மறைக்காதவாறு கட்ட வேண்டும். பழுதாகி நிற்கும் வண்டிக்குப் பின்னால் எச்சரிக்கை முக்கோணம் வைத்தல் வேண்டும். சக்கரத்திற்கு அண்டை கொடுத்த கல்லைச் சாலையிலேயே விட்டுச் செல்லுதல் பெருந்தவறு.

பாரத்தின் மேல் ஆட்கள்

அறுவடை முடிந்ததும் கூலியாட்கள் மூட்டைகளின் மேல் அமர்ந்து செல்வது வழக்கமாயிருக்கின்றது. சரக்கு வண்டியின் இன்ஷூரன்ஸ், சரக்கின் சொந்தக்காரரையோ அவருடைய பிரதிநிதியையோ காக்கும். சும்மா ஏறி வந்தவர்களைக் காவாது. விபத்து நேர்ந்தால் ஏழைக் குடும்பம் ஆதரவற்று நிற்கும். நஷ்டஈட்டுச் சுமை வண்டியின் சொந்தக்காரர் தலையில் விழும். ஆட்களுக்கு வேறு வண்டி அமர்த்துதலே முறை.

ஓய்வு

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையும், 5 மணி நேரத்திற்கொருமுறை அரை மணி ஓய்வும் வேண்டுமென்று 1961-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 2020-இல் இயற்றப்பெற்ற தொழிற்பாதுகாப்புக் கோவையும் 8 மணி அளவையே கைக்கொண்டுள்ளது. பகலெல்லாம் ஆலை வாசலில் வரிசையில் காத்திருந்தவர் இரவில் மீண்டும் ஓட்டினால், அவர் கண் அயர்வது இயல்பே. தூக்கத்தைத் தேநீரால் வெல்ல முடியாது. மதுவோ முற்றிலும் விலக்கத்தக்கது. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயச்சத்து இருப்பின் தண்டனை நிச்சயம்.

செய்யத்தக்கவை

லாரி அமர்த்துகின்ற நிலச்சொந்தக்காரர் லைசென்ஸ், தகுதிச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ் ஆகிய மூன்றையும் கேட்டுப் பார்த்தல் வேண்டும். எடை மேடைச் சீட்டை வைத்துக் கொள்ளுதல் வேண்டும். கிராம அதிகாரிகள் அறுவடைக்கு முன்னரே தாழ்ந்த மின்கம்பிகளையும், உடைந்த பாலச் சுவர்களையும் கண்டு உரிய இலாகாக்களுக்குத் தெரிவிக்க வேண்டும். விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுவோரை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் வழக்குத் தொல்லையிலிருந்து காக்கின்றது என்பதையும் ஊராருக்கு எடுத்துரைக்க வேண்டும்.

ஆண்டு முழுதும் பாடுபட்டு விளைத்த பொருள் சந்தைக்கு ஒரு நடை தாமதித்துச் சேர்ந்தால் நேரும் நஷ்டம் சிறிது. அதனை ஏற்றிச் சென்றவர் வீடு திரும்பாமற் போனால் நேரும் நஷ்டத்தை எந்த மகசூலும் ஈடு செய்யாது.