சோங்கிங்: நகரமா, மாகாணமா? 3.2 கோடி பேரை ஒரே நகர நிர்வாகம் ஆள்வது எப்படி?

அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும் ரயிலை ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். அந்த லிசிபா ஸ்டேஷன் இருப்பது தென்மேற்குச் சீனாவின் சோங்கிங்கில். ‘உலகின் மிகப் பெரிய நகரம்’ என்று கேப்ஷன் போடுவார்கள். அது பாதி உண்மைதான்.

எவ்வளவு பெருசு?

பரப்பளவு சுமார் 82,400 சதுர கி.மீ. கிட்டத்தட்ட ஆஸ்திரியா நாட்டின் அளவு! 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3.2 கோடி. ஆனால், மலை, வயல், கிராமம் எல்லாமே இந்த எல்லைக்குள் அடக்கம். வீடியோக்களில் வரும் அசல் நகரம் மையத்தில் உள்ள 9 மாவட்டங்கள்தான். அங்கே வசிப்பவர்கள் சுமார் 1 கோடி பேர்.

ஆறு வளர்த்த ஊர்

யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் சேரும் இடத்தில் வளர்ந்த துறைமுக நகரம் இது. ‘இரட்டைக் கொண்டாட்டம்’ என்று பொருள்படும் இந்தப் பெயர் 12-ம் நூற்றாண்டில், சோங் வம்சக் காலத்தில் வந்தது. 1891-ல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டது. ஜப்பான் படையெடுத்தபோது சீன அரசு இங்கே இடம்பெயர்ந்தது. போர்க்காலத் தலைநகர் என்பதால் ஜப்பானிய விமானங்கள் பல ஆண்டுகள் குண்டு வீசின.

ஏன் தனியாகப் பிரித்தார்கள்?

1997 வரை சோங்கிங், சிச்சுவான் மாகாணத்தின் ஒரு பகுதி. அப்போது யாங்சியின் குறுக்கே த்ரீ கார்ஜஸ் அணை கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. நீர்த்தேக்கத்துக்காக சுமார் 13 லட்சம் பேர் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அவர்களில் பெரும்பாலானோர் சோங்கிங் பகுதிக்காரர்கள். 11 கோடிக்கும் அதிகமான மக்களைக் கொண்ட சிச்சுவானால் இதையும் சேர்த்துச் சமாளிப்பது கஷ்டம். மேற்குச் சீனாவுக்கு ஒரு வளர்ச்சி மையமும் தேவைப்பட்டது. எனவே பெய்ஜிங், ஷாங்காய், தியான்ஜின் வரிசையில், மத்திய அரசின் நேரடி ஆளுகைக்குள் வரும் 4-வது மாநகரம் ஆனது சோங்கிங்.

நிர்வாகம் எப்படி?

பெயர்தான் நகரம், அந்தஸ்து மாகாணத்துக்குச் சமம். இதன் கீழ் 26 மாவட்டங்கள், 8 கவுன்ட்டிகள், 4 தன்னாட்சி கவுன்ட்டிகள் என மொத்தம் 38 பிரிவுகள். தன்னாட்சி கவுன்ட்டிகள் துஜியா, மியாவ் சிறுபான்மை இனத்தவருக்கானவை. மற்ற மாகாணங்களில் மாகாணத்துக்கும் கவுன்ட்டிக்கும் நடுவே இன்னொரு அடுக்கு உண்டு. இங்கே அது கிடையாது. மேலே எடுக்கும் முடிவு நேராகக் கீழே போகும்.

யார் பாஸ்?

மேயர் இருக்கிறார். ஆனால் நம்பர் ஒன் அவர் இல்லை; கம்யூனிஸ்ட் கட்சியின் சோங்கிங் செயலாளர்தான். அந்த நாற்காலியில் இருந்த போ சிலாய் 2012-ல் நீக்கப்பட்டு, மறு ஆண்டே ஊழல் வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றது சீன அரசியலையே உலுக்கியது.

இடம்பெயர்ந்தவர்கள் என்ன ஆனார்கள்?

ஃபெங்து போன்ற பழைய ஆற்றங்கரை ஊர்கள் தண்ணீருக்குள் போயின. மேட்டில் புதிய ஊர்கள் எழுந்தன; பல குடும்பங்கள் வேறு மாகாணங்களுக்கே அனுப்பப்பட்டன. வளமான ஆற்றங்கரை நிலம் போனது. சரிவுகளில் நிலச்சரிவு பயம் வந்தது. இடம்பெயர்ந்தோரின் வாழ்வாதாரம், சுற்றுச்சூழல், நிலச்சரிவு ஆகியவற்றில் அவசரமாகத் தீர்க்க வேண்டிய பிரச்சினைகள் இருப்பதை 2011-ல் சீன அரசே ஒப்புக்கொண்டது. மக்களை இடம் மாற்றுவதற்காகவே தனி நிர்வாகம் அமைத்தும், அவர்களுக்கு நிலையான பிழைப்பை அமைத்துக் கொடுப்பது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை.