பிள்ளையோடு சேர்ந்து வரும் காதல்

"பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா கூட அந்தப் பையன் இருக்கானே!" சிறு நகரங்களில் வரன் பேசும் வீடுகளில் பல பேச்சுகள் இந்த இடத்தோடு நின்றுபோகின்றன. அந்தப் பையனுக்கு ஆட்டிசம். அவனை வளர்ப்பவர் கணவனை இழந்த தாயாக இருக்கலாம். மனைவியைப் பிரிந்த தந்தையாக இருக்கலாம். அக்கா மகனைத் தூக்கி வளர்க்கும் தாய்மாமனோ, அண்ணன் பிள்ளைக்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட அத்தையோகூட இருக்கலாம். இவர்களுக்கும் ஒருவர்மேல் மனம் போகும். அந்த ஆசையை வெளியே சொன்னால் ஊர் என்ன பேசுமோ என்று உள்ளேயே பூட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தையை வளர்ப்பவருக்குக் காதலிக்கவும் கல்யாணம் செய்துகொள்ளவும் முழு உரிமை உண்டு. அதற்காகக் குழந்தையைத் தாத்தா வீட்டிலோ விடுதியிலோ ஒதுக்கிவைக்கத் தேவையே இல்லை.

பழைய பழி

ஊர்ப் பேச்சுக்குப் பின்னால் ஒரு பழைய பழி இருக்கிறது. 1943-இல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. பெற்றோரிடம் பாசம் குறைவாக இருப்பதாகவும் அவர் எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு, தாயின் அன்பின்மையே காரணம் என்று புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் பரப்பினார்கள். பல தாய்மார்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் 1964-இல் எழுதிய நூலில் அந்த வாதத்தை உடைத்தார். அவரே ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. 1969-இல் கேனரும் பெற்றோர்கள் கூடிய அரங்கிலேயே அவர்கள்மேல் குற்றமில்லை என்று அறிவித்தார். ஆட்டிசம் மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது, மரபணுக்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்பதே இன்றைய அறிவியல்.

ஆனாலும் நம் தெருக்களில் அந்தப் பழி வேறு உருவத்தில் நடமாடுகிறது. "வேலைக்குப் போனா, பிள்ளைகிட்ட பேசவே இல்ல", "செல்போனைக் கொடுத்தே கெடுத்துட்டா", "ஏதோ தோஷம்" என்கிறார்கள். இப்படிப் பழி சுமப்பவர் சந்தோஷமாக இருந்தாலே ஊருக்கு அது தப்பாகத் தெரிகிறது. அவர் புதுப்புடவை கட்டினாலும் விசாரணை, ஒருவரோடு டீக்கடையில் நின்று பேசினாலும் விசாரணை.

திரையில் வந்த துணை

தமிழ் சினிமா இந்த வாழ்க்கையைத் தொட்டிருக்கிறது. ஜி.என்.ஆர். குமரவேலனின் 'ஹரிதாஸ்' (2013), மனைவியை இழந்த காவல் அதிகாரி ஆட்டிசம் உள்ள மகனோடு வாழக் கற்றுக்கொள்ளும் கதை. கிஷோர் தந்தையாகவும், அந்தச் சிறுவனிடம் பாசம் வைக்கும் ஆசிரியையாக சினேகாவும் நடித்தார்கள். ராம் இயக்கிய 'பேரன்பு' (2019) படத்தில் மம்மூட்டியின் மகளுக்கு மூளை முடக்குவாதம். மனைவி விட்டுப்போன அந்தத் தந்தைக்குக் கடைசியில் துணையாக வருபவர் ஒரு திருநங்கை. பிள்ளையை நேசிக்கத் தெரிந்தவரே வளர்ப்பவருக்கும் துணையாக முடியும் என்பதை இரண்டு படங்களும் உணர்த்துகின்றன.

நிஜத்திலும் சிறு நகரத்தில் இப்படித்தான் நடக்க வழி இருக்கிறது. ஸ்பீச் தெரபிக்காக மாவட்டத் தலைநகருக்குப் போகும் பஸ்ஸில் தினமும் ஜன்னலோர இடம் பிடித்துத் தரும் கண்டக்டர், பையன் காதைப் பொத்திக்கொண்டு கத்தும்போது முறைத்துப் பார்க்காமல் மிக்ஸியை நிறுத்தும் ஜூஸ் கடைக்காரர், பள்ளியில் அவனுக்கென்று பொறுமையாக நேரம் ஒதுக்கும் ஆசிரியை. வளர்ப்பவரின் மனம் முதலில் இளகுவது இப்படிப்பட்டவரிடம்தான். ஒரே ஊரில் எல்லோரும் எல்லோரையும் பார்ப்பது வம்புக்கு வழி என்றால், ஒருவரின் குணம் தெரிவதற்கும் அதுவே வழி.

பிள்ளையைப் படிக்க வேண்டும்

கல்யாணப் பேச்சு வந்தால், "பிள்ளையை ஏத்துக்குவீங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "பிள்ளையைத் தெரிஞ்சுக்க நேரம் கொடுப்பீங்களா?" என்று கேட்பது அதைவிட முக்கியம். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு அன்றாட ஒழுங்குதான் தைரியம். மாலையில் அதே நாற்காலி, அதே தட்டு, தூங்குமுன் அதே பாட்டு. புதிய ஆள் ஒருவர் திடீரென்று வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தால் அவர்கள் உலகமே ஆடிப்போகும்.

அதனால் மெல்ல நுழைய வேண்டும். வரப்போகிறவரின் போட்டோவைப் பட அட்டவணையில் ஒட்டி, "சனிக்கிழமை மாமா வருவார்" என்று முன்கூட்டியே காட்டலாம். முதலில் கொஞ்ச நேரம், பிறகு கூடுதல் நேரம். கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டாம். தொடுவது சில குழந்தைகளுக்குத் தாங்காது. கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். அவன் கார்களை வரிசையாக அடுக்கினால் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு காரை எடுத்துக் கொடுங்கள். அவன் கத்தி அழும்போது அது அடமா, சத்தமும் வெளிச்சமும் தாங்காத அவதியா என்று பிரித்தறியப் பழகுங்கள்.

கல்யாண நாளையும் யோசிக்க வேண்டும். கெட்டிமேளம், மைக் செட், வீடியோ லைட், நூறு பேர் கன்னத்தைக் கிள்ளும் மண்டபம் அந்தக் குழந்தைக்குச் சித்திரவதையாகலாம். தமிழ்நாட்டில் 1967-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிச் செய்துகொள்ளும் சுயமரியாதைத் திருமணம் செல்லும். புரோகிதர் வேண்டாம், மேளம் வேண்டாம். ஐந்தாறு பேரோடு வீட்டிலேயே நடத்தி, பிறகு பதிவு செய்துகொள்ளலாம்.

பதினெட்டுக்குப் பிறகு

காதலிப்பவர்கள் மனம்விட்டுப் பேசவேண்டிய இன்னொன்று, எதிர்காலம். 18 வயதானதும் சட்டத்தின் பார்வையில் பிள்ளை பெரியவர். அவருக்காகக் கையெழுத்திட, முடிவெடுக்கத் துணை தேவை என்றால், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் நியமனம் கோரலாம். அந்தச் சட்டம் உறவினர் என்று ரத்த உறவினரை மட்டும் சொல்லவில்லை. திருமணத்தால் உறவானவரையும் சொல்கிறது. கல்யாணத்தால் வந்த அப்பாவோ அம்மாவோ முறைப்படி பொறுப்பேற்க அங்கே இடம் இருக்கிறது. இதே சட்டத்தின்கீழ் உள்ள 'நிராமயா' திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு கிடைக்கும். தெரபி செலவும் அதில் அடக்கம். ஆட்டிசத்தை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அங்கீகரிக்கிறது. இவற்றையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொள்வதும் காதலின் வேலைதான்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கக்கூடும். அந்த வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு எழுந்தால், "பாவம், இந்தப் பிள்ளைய வச்சுக்கிட்டு இவளுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்காதீர்கள். அவர்கள் இருவரும் ஒரு மாலைநேரம் வெளியே போய்வர, அந்தப் பிள்ளைக்குப் பழகிய முகமாக நீங்கள் துணைக்கு இருங்கள். நீங்கள் தரும் பெரிய கல்யாணச் சீர் அதுவாக இருக்கட்டும்.