வானமும் வேண்டுதலும்

மார்கழித் திங்களின் காலைப் பொழுதில், திண்டுக்கல் சமவெளியில் கதிரவன் ஒரு பொன்வளையமாகத் தோன்றிய நாள் 2019 டிசம்பர் 26. சவுதி அரேபியாவில் தொடங்கி அரபிக்கடலைக் கடந்த நிழற்பாதை, கேரளத்தின் வடபகுதியில் கரையேறியது; கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகச் சென்று, இலங்கையின் வடபகுதியைத் தொட்டு, சிங்கப்பூரை நோக்கி விரைந்தது. தமிழ்நாட்டில் காலை 8 மணியளவில் மறைப்புத் தொடங்கிற்று. 9.30 மணியளவில் நிலவு ஞாயிற்றின் நடுவே வந்து நின்றது. அதன் விளிம்பைச் சுற்றி ஒளிவளையம் ஏறத்தாழ மூன்று நிமிடம் நிலைத்தது. 11 மணிக்குப் பின்னர் ஞாயிறு முழு வடிவு பெற்றது.

அன்று காலை ஊர்கள் இரண்டு வகையாக நடந்துகொண்டன. ஒருபுறம் பெரும்பாலான திருக்கோயில்களில் நடை சாத்தப்பட்டது. கிரகணக் காலத்திலும் நடை திறந்திருக்கும் திருக்காளத்தி போன்ற கோயில்கள் மிகச் சிலவே. வீடுகளில் உணவுப் பாண்டங்களின் மேல் தருப்பைப் புல் இடப்பட்டது. தட்டில் நீரூற்றி அதன் நடுவே உலக்கையை நிறுத்திப் பார்த்தோரும் உண்டு. மறுபுறம் பள்ளித் திடல்களிலும் மொட்டை மாடிகளிலும் மக்கள் கூடினர். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் பாதுகாப்பான வடிகண்ணாடிகளுடன் பொதுமக்களை அழைத்திருந்தன. இந்த இரு கூட்டத்தாரும் வேறு வேறு மனிதர் அல்லர் என்பதை மறந்துவிடலாகாது. வீட்டில் தருப்பை இட்டுவிட்டுத் திடலுக்கு வந்து வளையத்தைக் கண்டு வியந்தோர் பலர் இருந்திருப்பர்.

வடிகண்ணாடி கிடைக்காதவர்க்கு மரம் உதவியது. இலைகளுக்கு இடையிலுள்ள சிறு இடுக்குகள் ஒவ்வொன்றும் ஓர் ஊசித்துளைப் படக்கருவி போலச் செயல்படும். ஏனைய நாள்களில் வேம்பின் நிழலில் சிதறிக் கிடக்கும் வட்ட ஒளிப்பொட்டுகள் உண்மையில் ஞாயிற்றின் உருவங்களே. மறைப்பின்போது அவை பிறைகளாக மாறுகின்றன. வளையம் தோன்றும் வேளையில் தரையெங்கும் வளையங்கள் விழுகின்றன. சமையலறைச் சல்லடையை வெயிலில் பிடித்தாலும் இதே காட்சி சுவரில் கிடைக்கும். விலையுயர்ந்த கருவி எதுவும் இன்றி, வானை நிமிர்ந்து நோக்காமலேயே கிரகணத்தைக் காணும் வழி இது.

வளையம் தோன்றுவதற்கான காரணம் எளியது. ஞாயிற்றின் விட்டம் நிலவின் விட்டத்தைப் போல ஏறத்தாழ 400 மடங்கு. ஞாயிறு இருக்கும் தொலைவும் ஏறத்தாழ 400 மடங்கு. ஆதலால் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிகின்றன. நிலவின் பாதை நீள்வட்டமாக இருப்பதால், அது சற்றுத் தொலைவில் இருக்கும் நாள்களில் ஞாயிற்றை முற்றிலும் மூட இயலாமல் விளிம்பை விட்டுவிடுகிறது. நிலவின் பாதையும் ஞாயிற்றின் தோற்றப்பாதையும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளுக்கே பழைய கணிதத்தில் இராகு, கேது என்று பெயர். கிரகணத்திற்கு நிழலே காரணம் என்பதை ஆரியபட்டர் கி.பி. 499ஆம் ஆண்டு வாக்கிலேயே எழுதிவிட்டார். பாம்பு விழுங்குகிறது என்று சொல்லும் வீட்டில் தொங்கும் பஞ்சாங்கம், அது விழுங்கத் தொடங்கும் மணியையும் உமிழும் மணியையும் ஓராண்டுக்கு முன்னரே அச்சிட்டுத் தருகிறது. நேரம் தவறாத அத்தகைய பாம்பைக் கண்டு அஞ்ச வேண்டிய தேவை என்ன என்று எவரும் கேட்பதில்லை.

உலக்கை நிற்பதற்கு அதன் தட்டையான அடிப்பகுதியே காரணம். ஈர்ப்பு மையத்தின் நேர்கோடு அந்த அடிப்பகுதிக்குள் விழுமாறு பொறுமையாக நிறுத்தினால் எந்த நாளிலும் அது நிற்கும். கிரகணமற்ற நாளில் எவரும் நிறுத்திப் பார்ப்பதில்லை, வேறுபாடு அவ்வளவே.

இவ்வழக்கங்களுள் பல எவருக்கும் தீங்கு செய்வன அல்ல. கிரகணம் விட்டபின் நீராடுவதும், விரும்பி நோன்பிருப்பதும் அவரவர் உரிமை. ஆனால் நம்பிக்கையின் சுமை பிறர் உடலின்மீது ஏற்றப்படும்போது நிலைமை மாறுகிறது. கருவுற்ற பெண்ணை இருண்ட அறைக்குள் அமர்த்தி, மூன்று மணி நேரத்திற்கு மேலாகத் தண்ணீரும் தராமல் வைத்திருக்கும் வழக்கம் இன்றும் மறையவில்லை. மீறினால் குழந்தை பிளந்த உதட்டுடன் பிறக்கும் என்பது அவளுக்குச் சொல்லப்படும் எச்சரிக்கை. கருவில் மேலுதடு உருவாவது நான்காம் வாரத்திற்கும் ஏழாம் வாரத்திற்கும் இடையில். பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே உறுதியாகத் தெரியாத காலம் அது. ஏழாம் மாதத்தில் வரும் கிரகணம் என்றோ உருவாகி முடிந்த உதட்டை எவ்வாறு பிளக்கும்? மரபணுக் காரணங்கள், போலிக் அமிலக் குறைபாடு, புகையிலை போன்றவற்றையே மருத்துவம் சுட்டுகிறது. இருப்பினும் அத்தகைய குழந்தை பிறந்தால் 'அன்று நீ வெளியே வந்தாயா?' என்ற கேள்வி தாயை நோக்கியே எழுகிறது. அறுவை மருத்துவத்தால் சீராக்கக்கூடிய ஒரு குறை, ஒரு பெண்ணின் வாழ்நாள் பழியாகிவிடுகிறது.

பழைய அச்சத்தில் ஓர் உண்மை உண்டு. மறைப்பின்போதும் ஞாயிற்றை வெறுங்கண்ணால் நோக்கினால் விழித்திரை எரிந்துபோகும். விழித்திரைக்கு வலியுணர்வு இல்லாமையால் பாதிப்பு உடனே தெரியாது. ஆயினும் அந்தக் கதிர்களில் புதிய நஞ்சு எதுவும் இல்லை. நாள்தோறும் வரும் அதே ஒளிதான். வழக்கமாக நாம் கண்ணைத் திருப்பிக்கொள்கிறோம், அன்று மட்டும் உற்று நோக்குகிறோம். திண்டுக்கல் மாவட்டத்திலேயே, கொடைக்கானல் மலைமீது, 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது அங்கேதான். மலைமேல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஞாயிற்றைப் படமெடுத்து வருகின்றனர். மலையடிவாரத்தில் அதே ஞாயிற்றுக்கு அஞ்சிச் சன்னலைச் சாத்துகின்றனர்.

அச்சத்தின் மறுபக்கம் வேண்டுதல். அதே 2019 டிசம்பர் 26 காலை, கர்நாடகத்தின் கலபுரகிக்கு அருகிலுள்ள தாஜ்சுல்தான்பூர் என்னும் ஊரில், மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளைப் பெற்றோர் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்தனர். கிரகண வேளையில் அவ்வாறு செய்தால் உடற்குறை நீங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்களைக் கொடியவர் என்று கூறிவிட இயலாது. குழந்தை நடக்க வேண்டும் என்ற ஏக்கத்திற்கு ஊரில் வேறு விடை கிடைக்காதபோது அவர்கள் வானத்திடம் கேட்டனர். அதன் விலையைக் குழந்தைகள் செலுத்தினர்.

எரிமீனைக் கண்டதும் கண்ணை மூடி வேண்டிக்கொள்ளும் வழக்கம் மேலைநாட்டிலிருந்து கதைகள் வழியாகவும் திரைப்படங்கள் வழியாகவும் வந்தது. தமிழ் மரபில் வீழும் விண்மீன் நற்குறி அன்று. புறநானூற்றின் 229ஆம் பாடலில், விண்மீன் ஒன்று வீழக்கண்ட கூடலூர் கிழார், சேர மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு என்ன நேருமோ என்று கலங்குகிறார். ஏழாம் நாள் அவன் இறந்ததைப் பாடுகிறார். அப்பாடலில் அச்சத்தைவிட வியப்பூட்டுவது அவருடைய நோக்கு. பங்குனித் திங்கள், நள்ளிரவு, எந்த மீன் உச்சியில் நின்றது, எது சாய்ந்தது என அனைத்தும் அதில் பதிவாகியுள்ளன. வானை இவ்வளவு கூர்ந்து கண்ட ஒருவர், கண்டதைத் தம் மன்னனின் உயிரோடு இணைத்துவிட்டார்.

ஒரே ஒளிக்கீற்று ஓரிடத்தில் மரணச் செய்தி; மற்றோரிடத்தில் வரம். இரண்டிலும் வானம் நம்மைப் பற்றியே பேசுகிறது என்ற எண்ணம்தான் உள்ளது. உண்மையில் எரிமீன்களுள் பெரும்பாலானவை மணல் அளவிலிருந்து சிறு கூழாங்கல் அளவு வரையிலான துகள்கள். தரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் மோதி ஒளிர்ந்து அழிகின்றன. ஆண்டுதோறும் டிசம்பர் 14ஆம் நாளை ஒட்டி நிகழும் மிதுன எரிமீன் பொழிவு, 1983இல் கண்டறியப்பட்ட பேத்தன் என்னும் சிறுகோள் விட்டுச்சென்ற துகள்களால் உண்டாவது. நல்ல இருளும் தெளிந்த வானமும் வாய்த்தால் மணிக்கு நூறு எரிமீன்கள் வரை தென்படும். ஒவ்வொன்றும் ஒரு மன்னனின் இறப்பைச் சொல்வதாயின், ஓரிரவுக்கே உலகில் மன்னர் போதமாட்டார்.

வான்நோக்குக் கூடல்களின் பயன் இங்குதான் தெரிகிறது. சொற்பொழிவு அசைக்காத நம்பிக்கையை ஒரு காட்சி அசைத்துவிடும். செவ்வாயைச் சாதகக் கட்டத்தில் மட்டுமே அறிந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அக்கட்டத்தால் திருமணம் தள்ளிப்போன பெண்களும் ஏராளம். தொலைநோக்கியில் அதே செவ்வாய், இரும்புத் துருவால் சிவந்த ஒரு சிறு வட்டாகத் தெரிகிறது. 2014 செப்டம்பர் 24 அன்று இந்தியாவின் மங்கள்யான் அதன் சுற்றுப்பாதையை அடைந்துவிட்டது. ஒரு பெண்ணின் மணவாழ்வைத் தீர்மானிக்கும் அளவுக்கு அதற்கு அவள்மீது என்ன வஞ்சம் என்ற வினா, வரிசையில் நின்று தொலைநோக்கியில் கண்வைத்த தாய்க்குத் தானே எழக்கூடும். அவ்வினாவை அவள் வாயில் எவரும் திணிக்க வேண்டியதில்லை. கேலி செய்தால் அவள் வரிசையை விட்டே போய்விடுவாள்.

தமிழ்நாட்டில் அடுத்த வளையச் சூரிய மறைப்பு 2031 மே 21 அன்று தேனி, மதுரை வட்டாரங்களின் வழியே கடக்கும். இன்று பள்ளியில் பயில்வோருள் மூத்தவர்கள் அப்போது இருபது வயதை எட்டியிருப்பர். அவர்களுள் சிலரது வீட்டில் அன்று கருவுற்ற பெண் ஒருத்தி இருப்பாள். அவளுக்குத் தாகம் எடுக்கும்.