காவிரிப் படுகைக் கோயில்களில் வருகையாளர் நடைமுறைகள்

காவிரிப் படுகைக் கோயில்களில் வருகையாளர் நடைமுறைகள் என்பவை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும் உள்ள கோயில்களுக்குச் செல்வோர் கடைப்பிடிக்கும் ஒழுங்குகள் ஆகும். தஞ்சைப் பெருவுடையார் கோயில் 1987 ஆம் ஆண்டிலும், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் கோயில்கள் 2004 ஆம் ஆண்டிலும் யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களாக அறிவிக்கப்பட்டன. இவற்றைக் காண வெளிநாட்டினரும் பெருமளவில் வருகின்றனர். எனினும் இவை நினைவுச் சின்னங்கள் மட்டுமல்ல; நாள்தோறும் பூசை நடைபெறும் கோயில்களும் ஆகும். இந்நடைமுறைகளுள் சில வழக்கத்தால் வந்தவை. சில சட்டத்தால் வந்தவை.

நுழைவு

காலணிகளை வெளியே விட்டுச் செல்வது எல்லாக் கோயில்களுக்கும் பொதுவான விதி. குளம் அல்லது குழாயில் கால் கழுவிய பின் உள்ளே செல்வது வழக்கம். சப்பானில் சின்டோ வழிபாட்டிடங்களின் முகப்பில் கைகளையும் வாயையும் கழுவும் மரபு இதனுடன் ஒப்பிடத்தக்கது. கருங்கல் தளம் நண்பகலில் கடுமையாகச் சூடேறும். மேலும், பல கோயில்கள் நண்பகலில் நடை சாத்தப்பட்டு மாலை நான்கு மணியளவில் மீண்டும் திறக்கப்படுகின்றன. எனவே காலை, மாலை வேளைகளே ஏற்றவை.

வழிபாட்டு மரபுகள்

* திருச்சுற்றை வலமாகச் சுற்றி வருதல் வேண்டும்.
* நந்திக்கும் கருவறைக்கும் இடையே குறுக்கே செல்வதைத் தவிர்ப்பர்.
* கொடிமரத்தின் அருகில் மட்டுமே தரையில் விழுந்து வணங்குவர். ஆண்கள் எட்டு உறுப்புகளும், பெண்கள் ஐந்து உறுப்புகளும் நிலத்தில் பட வணங்குவது மரபு.
* சிவன் கோயில்களில் திருநீற்றை வலக்கையில் பெற்று நெற்றியில் அணிவர். மீந்ததைத் தூண்களிலும் சிலைகளிலும் கொட்டுதல் தவறு.
* மன்னார்குடி இராசகோபாலசுவாமி கோயில், கும்பகோணம் சாரங்கபாணி கோயில் முதலிய வைணவத் தலங்களில் தீர்த்தமும் துளசியும் வழங்கப்படும். சடாரி சாத்தும்போது தலை குனிந்து ஏற்பர்.
* சண்டிகேசுவரர் முன் மெல்லக் கைகளைத் தட்டுவது, சிவன் சொத்து எதையும் எடுத்துச் செல்லவில்லை என்று காட்டுவதாகக் கருதப்படுகிறது. ஆடையிலிருந்து நூலைப் பிரித்துப் போடுவதும் உரக்கத் தட்டுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

ஒளிப்படமும் உடையும்

கருவறையையும் மூலவரையும் படம் எடுக்க அனுமதி இல்லை. தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிகளைத் தடை செய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 திசம்பரில் ஆணையிட்டது. உடை குறித்து அதே கிளையின் தனி நீதிபதி 2015 ஆம் ஆண்டில் பிறப்பித்த ஆணை, 2016 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்தில் இரு நீதிபதிகள் அமர்வு அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆயினும் தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடையே வழக்கத்தில் எதிர்பார்க்கப்படுகிறது.

நுழைவு உரிமை

'கோயில் வழக்கம்' என்ற பெயரில், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஒடுக்கப்பட்ட சாதியினர் பல கோயில்களுக்குள் அனுமதிக்கப்படவில்லை. 1939 சூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சி கோயிலில் ஆலய நுழைவு நடைபெற்றது. 1947 ஆம் ஆண்டின் சென்னை ஆலய நுழைவு அனுமதிச் சட்டம், சாதி வேறுபாடின்றி இந்துக்கள் அனைவரும் கோயிலுக்குள் சென்று வழிபடும் உரிமையை உறுதி செய்தது. பழமை மட்டுமே ஒரு வழக்கத்திற்கு நியாயம் ஆகாது என்பதற்கு இது சான்றாகும்.

பிற சமயத்தவரின் நுழைவு இன்றும் வழக்காடு பொருளாக உள்ளது. பழனி கோயில் தொடர்பான வழக்கில் 2024 சனவரி 30 அன்று மதுரைக் கிளை, கொடிமரத்தைத் தாண்டி இந்து அல்லாதோருக்கு அனுமதி இல்லை என அறிவிப்புப் பலகை வைக்க ஆணையிட்டது. இறை நம்பிக்கையுடன் வருவோர் உறுதிமொழி அளித்துச் செல்லலாம் என்றும் அத்தீர்ப்பு கூறியது. நடைமுறை கோயிலுக்குக் கோயில் வேறுபடுவதால், வெளிநாட்டுப் பயணிகள் அறிவிப்புப் பலகையைப் படித்தோ அலுவலரிடம் கேட்டோ செல்வது நல்லது.

பிற தலங்கள்

இதே பகுதியிலுள்ள நாகூர் தர்காவிற்கும் வேளாங்கண்ணி மாதா பேராலயத்திற்கும் எல்லாச் சமயத்தவரும் செல்கின்றனர். நாகூரில் காலணிகளைக் கழற்றுவதும் தலையை மூடிக்கொள்வதும் வழக்கம். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு நடந்து வருவோரும் மொட்டையடித்துக் கொள்வோரும் பலர். தலத்திற்குத் தலம் முறைகள் மாறினாலும், வழிபடுவோருக்கு இடையூறு செய்யாதிருத்தல் அனைத்திற்கும் பொதுவானது.