அழைப்புக் கடிதம் அனுமதி ஆகாது: கனடாவில் உள்ளகப் பயிற்சி நாடும் மாணவர்களுக்கான நிபந்தனைகள்

ஒவ்வோர் ஆண்டும் கோடைகாலப் பயிற்சிக்கான விண்ணப்பக் காலம் நெருங்கும்போது, தமிழகத்திலும் இலங்கையிலும் உள்ள பல்கலைக்கழக மாணவர்கள் பலர் கனடாவின் டொரொண்டோ நகரில் உள்ள பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, அவர்களது ஆய்வுக்கூடங்களில் சில வாரங்கள் உள்ளகப் பயிற்சி பெற வாய்ப்புக் கேட்கின்றனர். அவர்களில் சிலருக்கு அழைப்புக் கடிதம் கிடைக்கிறது. கடிதம் கைக்கு வந்ததும் கனடாவின் கதவு திறந்துவிட்டதாகவே மாணவரும் குடும்பத்தாரும் எண்ணிக்கொள்கின்றனர்.

ஆனால் அந்தக் கடிதம் ஒரு பல்கலைக்கழகத் துறையின் விருப்பத்தை மட்டுமே தெரிவிக்கிறது. மாணவரை நாட்டுக்குள் அனுமதிப்பதா, அனுமதித்தால் அவர் அங்கு என்ன செய்யலாம் என்பதை முடிவு செய்வது கனடாவின் குடிவரவுச் சட்டம். உள்ளகப் பயிற்சியை மாணவர்கள் கல்வியின் ஒரு பகுதியாகப் பார்க்கின்றனர். குடிவரவுச் சட்டமோ அதைப் பெரும்பாலும் வேலையாகப் பார்க்கிறது. இந்த வேறுபாட்டை அறியாமல் பயணத்துக்கு ஆயத்தமாகும் மாணவர்கள் விசா மறுக்கப்பட்டோ, சில வேளைகளில் அதைவிடக் கடுமையான விளைவுகளைச் சந்தித்தோ ஏமாற்றமடைய நேரிடுகிறது.

ஊதியம் இல்லாவிட்டாலும் அது வேலைதான்

சம்பளம் வாங்காமல் செய்தால் அது வேலை அல்ல, ஆகவே அதற்குப் பணி அனுமதி தேவையில்லை என்ற நம்பிக்கை மாணவர்களிடையே பரவலாக இருக்கிறது. கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்பு விதிமுறைகள் இந்த வாதத்தை ஏற்கவில்லை.

அந்த விதிமுறைகளின்படி, ஊதியமோ தரகுப் பணமோ பெற்றுச் செய்யும் எந்தச் செயலும் வேலை. அத்துடன், கனடியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தொழிற்சந்தையில் செய்துவரும் பணிகளுடன் நேரடியாகப் போட்டியிடும் செயலும், ஊதியம் இல்லாதபோதிலும், வேலையாகவே கருதப்படுகிறது. குடிவரவுத் துறை தனது அதிகாரிகளுக்கு வழங்கியுள்ள வழிகாட்டுதல்களில், அனுபவம் பெறும் நோக்கில் மாணவர்கள் ஊதியமின்றி மேற்கொள்ளும் உள்ளகப் பயிற்சியும் வேலைக்கான உதாரணங்களில் ஒன்றாகக் குறிப்பிடப்பட்டுள்ளது.

இதன் பின்னால் உள்ள காரணம் எளிமையானது. கோடை விடுமுறையில் ஆய்வுக்கூட உதவியாளராகப் பணியாற்றிக் கல்விக் கட்டணத்துக்குப் பணம் சேர்ப்பது கனடிய மாணவர்களின் வழக்கம். வெளிநாட்டிலிருந்து ஒருவர் அதே பணியை இலவசமாகச் செய்ய முன்வந்தால், உள்ளூர் மாணவருக்குக் கிடைக்கவேண்டிய ஊதியம் இல்லாமல் போகக்கூடும்.

குறுகிய காலப் படிப்பு என்று சொல்லி வருவதும் இதற்குத் தீர்வாகாது. ஆறு மாதங்களுக்கு மேற்படாத படிப்புக்குக் கனடாவில் பொதுவாகக் கல்வி அனுமதி தேவையில்லை. ஆனால் அவ்வாறு அனுமதி இன்றிப் படிக்க வருபவருக்கு வேலை செய்யும் உரிமை கிடைப்பதில்லை.

கனடாவிலேயே பட்டப்படிப்பில் சேர்ந்து பயிலும் சர்வதேச மாணவர்களின் நிலை வேறு. அவர்களது பாடத்திட்டத்தில் கட்டாயப் பகுதியாக அமைந்த பயிற்சி, மொத்தக் கற்கைநெறியில் 50 சதவீதத்துக்கு மேற்படாமல் இருக்கவேண்டும் என்பது விதி. 2024ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த, வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம் வேலை செய்யலாம் என்ற விதியும் அவர்களுக்கானதே. தாயகப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்டு சில வாரப் பயிற்சிக்காக மட்டும் வருபவர்களுக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

நூற்றிருபது நாள் விதிவிலக்கு

அவ்வாறு வருபவர்களுக்கு முக்கியமான ஒரு வழி 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திறந்தது. ஆய்வாளர்கள் 12 மாத காலத்தில் ஒரு முறை, 120 நாட்கள் வரை, பணி அனுமதி இல்லாமலேயே கனடாவில் ஆய்வுப் பணி செய்யலாம் என்று அப்போது மத்திய அரசு அறிவித்தது.

இந்த விதிவிலக்குக்கு எல்லைகள் உண்டு. ஆய்வு, பொது நிதியில் இயங்கும் பட்டம் வழங்கும் கல்வி நிறுவனத்திலோ, அதனுடன் இணைந்த ஆய்வு நிறுவனத்திலோ நடைபெறவேண்டும். டொரொண்டோ பல்கலைக்கழகமும் யார்க் பல்கலைக்கழகமும் இந்த வரையறைக்குள் அடங்கும். பேராசிரியருக்குத் தொடர்புள்ள ஒரு தனியார் நிறுவனத்தில் பயிற்சி பெறுவது அடங்காது. வருபவர் ஆய்வில் குறிப்பிடத்தக்க பங்கு வகிப்பவராக இருக்கவேண்டும். ஆகவே அழைப்புக் கடிதத்தில் ஆய்வின் தலைப்பு, மாணவரின் பணி, தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகியவை தெளிவாக இருப்பது அவசியம். 120 நாட்களும் தொடர்ச்சியாகவே கணக்கிடப்படும். இடையில் வேலை செய்யாத நாட்களைக் கழித்துக்கொண்டு பின்னர் ஈடுசெய்ய முடியாது.

கனடாவின் மைட்டக்ஸ் அமைப்பு 2009ஆம் ஆண்டில் இந்திய மாணவர்களை வரவழைத்துத் தொடங்கிய குளோபலிங்க் உள்ளகப் பயிற்சித் திட்டம் 12 வாரங்களைக் கொண்டது. அதாவது 84 நாட்கள். இத்தகைய கோடைகாலப் பயிற்சிகள் 120 நாள் வரம்புக்குள் அடங்கிவிடுகின்றன. ஆறு மாத கால ஆய்வுப் பயிற்சி அடங்காது.

இங்கு மாணவர்கள் தவறவிடும் ஒரு விடயம் உண்டு. பணி அனுமதியிலிருந்து கிடைக்கும் விலக்கு, விசாவிலிருந்து கிடைக்கும் விலக்கு அல்ல. இந்திய, இலங்கைக் குடிமக்கள் தற்காலிக வசிப்பு விசாவுக்கு விண்ணப்பித்து, கைரேகையும் புகைப்படமும் கொடுத்து, பயிற்சி முடிந்ததும் நாடு திரும்புவோம் என்பதை விசா அதிகாரிக்கு நம்பும்படி காட்டவேண்டும்.

ஒரே குடும்பம், இரு வேறு கடவுச்சீட்டுகள்

120 நாட்களுக்கு மேற்பட்ட பயிற்சிக்குப் பொதுவாகப் பணி அனுமதி பெறவேண்டும். உள்ளூர்த் தொழிலாளர் கிடைக்கவில்லை என்பதை நிரூபிக்கும் தொழிற்சந்தைத் தாக்க மதிப்பீடு இல்லாமலேயே அனுமதி வழங்கும் பிரிவுகள் சில, கல்விசார் ஆய்வாளர்களுக்கும் இருதரப்புப் பரிமாற்றத்தில் வருபவர்களுக்கும் உள்ளன. அவற்றின் கீழ் அழைக்கும் பல்கலைக்கழகம் வேலை வாய்ப்பின் விவரத்தை முன்கூட்டியே அரசிடம் இணையம் வழியாகப் பதிவு செய்து, பொதுவாக 230 டாலர் கட்டணமும் செலுத்தவேண்டும். இது மாணவர் செய்யக்கூடிய காரியம் அல்ல. துறை அலுவலகம் இதைச் செய்யத் தயாராக இருக்கிறதா என்பதைக் கடிதம் பெறும் கட்டத்திலேயே கேட்டறிவது நல்லது.

கனடாவின் சர்வதேச அனுபவத் திட்டத்தில் மாணவர் உள்ளகப் பயிற்சிக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் அது கனடாவுடன் இளைஞர் பரிமாற்ற ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளின் குடிமக்களுக்கானது. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரேலியா முதலிய நாடுகள் அந்தப் பட்டியலில் உள்ளன. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அத்தகைய ஒப்பந்தம் இல்லை. அங்கீகாரம் பெற்ற சில பரிமாற்ற அமைப்புகள் வழியாகக் கிடைக்கும் குறைந்த அளவிலான இடங்களைத் தவிர, இவ்விரு நாடுகளின் மாணவர்களுக்கு அந்த வழி மூடியே இருக்கிறது.

புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். பாரிஸில் பிறந்து பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மாணவி விண்ணப்பிக்கக்கூடிய ஒரு திட்டத்துக்கு, யாழ்ப்பாணத்தில் அதே பாடத்தைப் பயிலும் அவரது ஒன்றுவிட்ட சகோதரி நேரடியாக விண்ணப்பிக்க முடியாது.

மருத்துவ மாணவர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. பயிற்சி பெறுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு, பொதுவாக நான்கு மாதங்களுக்கு மேற்படாத காலத்துக்கு, ஊதியமின்றி மருத்துவமனைப் பயிற்சி பெறுபவர்களுக்குப் பணி அனுமதி தேவையில்லை. ஆனால் நோயாளிகளுடன் பழகும் பணி என்பதால், தங்கும் காலம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அவர்கள் குடிவரவு மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும்.

பல்கலைக்கழகம் கேட்பவை

அரசின் நிபந்தனைகள் நிறைவேறினாலும் பல்கலைக்கழகத்தின் நிபந்தனைகள் தனியாக உள்ளன. பேராசிரியர் சம்மதிப்பதும் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்வதும் ஒன்றல்ல. வருகை மாணவராக முறைப்படி பதிவு செய்தால்தான் நூலகம், ஆய்வுக்கூடம், அடையாள அட்டை ஆகியவை கிடைக்கும். அதற்குத் தாயகப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருப்பதை உறுதிப்படுத்தும் கடிதமும், மேற்பார்வையாளரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். டொரொண்டோ பல்கலைக்கழகத்துடன் இணைந்த பெரிய மருத்துவமனைகளின் ஆய்வு நிலையங்கள் தனி நிறுவனங்கள் என்பதால், அங்கு பயிற்சி பெறுபவர்கள் அந்தந்த நிறுவனத்தின் விதிகளையும் நிறைவு செய்யவேண்டியிருக்கும்.

மருத்துவக் காப்பீடு மற்றொரு முக்கிய நிபந்தனை. ஒண்டாரியோ மாகாணம் 1994ஆம் ஆண்டில் சர்வதேச மாணவர்களைத் தனது பொது மருத்துவக் காப்பீட்டிலிருந்து நீக்கியது. அதற்குப் பதிலாகப் பல்கலைக்கழகங்கள் தமக்குள் ஒரு காப்பீட்டுத் திட்டத்தை ஏற்படுத்திக்கொண்டன. இலவச மருத்துவ வசதிக்குப் பெயர் பெற்ற நாட்டுக்குச் செல்கிறோம் என்று நினைத்துக் காப்பீடு இல்லாமல் வருபவர், ஓர் இரவு மருத்துவமனையில் தங்க நேர்ந்தாலும் பெருந்தொகை செலுத்தவேண்டியிருக்கும்.

பயிற்சிக்கான மதிப்பெண்ணை வழங்குவது பெரும்பாலும் தாயகப் பல்கலைக்கழகம்தான். இந்தியாவின் 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு, பட்டப்படிப்பில் உள்ளகப் பயிற்சிக்கு முக்கியத்துவம் கூடியுள்ளது. ஆயினும், வெளிநாட்டுப் பயிற்சியை ஏற்றுக்கொள்வதாகத் தமது துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் பெறாதவர்கள், திரும்பி வந்தபின் அதைக் கணக்கில் சேர்க்கச் சிரமப்பட நேரலாம்.

வேலையிடத்தில் உள்ள உரிமைகள்

சட்டம் உள்ளகப் பயிற்சியை வேலையாகப் பார்ப்பதில் மாணவர்களுக்குச் சாதகமான ஓர் அம்சமும் இருக்கிறது. ஊதியமற்ற பயிற்சி என்ற பெயரில் இளைஞர்களின் உழைப்பைச் சுரண்டுவது குறித்து டொரொண்டோவில் 2014ஆம் ஆண்டில் பெரும் விவாதம் எழுந்தது. மாகாணத் தொழில் அமைச்சு நடத்திய சோதனைகளை அடுத்து, நகரின் சில புகழ்பெற்ற சஞ்சிகைகள் தமது ஊதியமற்ற பயிற்சித் திட்டங்களைக் கைவிட்டன.

ஒண்டாரியோவில் ஒரு நிறுவனத்துக்காக வேலை செய்பவர், பயிற்சியாளர் என்று அழைக்கப்பட்டாலும், பொதுவாக ஊழியராகவே கருதப்படுவார். அவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. 2025ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி அது மணிக்கு 17 டாலர் 60 சென்டாக உயர்த்தப்பட்டது. பல்கலைக்கழகமோ கல்லூரியோ அங்கீகரித்த திட்டத்தின் கீழ் செய்யப்படும் பயிற்சி இதற்கு விதிவிலக்கு. ஆனால் அத்தகைய ஊதியமற்ற மாணவர்களையும் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் கொண்டுவரும் திருத்தம் 2014ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆபத்தான இரசாயனப் பொருளைக் கையாளத் தகுந்த பயிற்சி தரப்படாவிட்டால், அதைச் சுட்டிக்காட்டவும் அந்தப் பணியை மறுக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

உறவினரின் ஆலோசனை

டொரொண்டோவின் ஸ்கார்பரோ, அதை அடுத்துள்ள மார்க்கம் ஆகிய பகுதிகளில் பெருந்தொகையான தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கிருக்கும் மாமாவோ சித்தியோ தங்குமிடம் கொடுப்பது மாணவருக்குப் பெரிய உதவி. ஆனால் சில நேரங்களில் அதே உறவினர்கள், பயிற்சி பற்றி எதுவும் சொல்லவேண்டாம், எங்களைப் பார்க்க வருவதாக எழுதினால் விசா எளிதாகக் கிடைக்கும் என்று ஆலோசனை கூறுகின்றனர். நல்லெண்ணத்தில் சொல்லப்படும் இந்த ஆலோசனை மிகவும் ஆபத்தானது.

முக்கியமான ஒரு விவரத்தை மறைப்பதும் பிழையான தகவல் அளிப்பதும் கனடியச் சட்டத்தின் பார்வையில் ஒன்றே. அது நிரூபிக்கப்பட்டால் ஐந்து ஆண்டுகளுக்குக் கனடாவுக்குள் நுழைய முடியாது. இரண்டு ஆண்டுகளாக இருந்த இந்தத் தடை 2014ஆம் ஆண்டில்தான் ஐந்தாக உயர்த்தப்பட்டது. டொரொண்டோ பியர்சன் விமான நிலையத்தில் எல்லை அதிகாரி பயணப் பெட்டியைத் திறந்து, அதில் பேராசிரியரின் கடிதத்தைக் கண்டால், உறவினரைப் பார்க்க வந்ததாகச் சொன்ன மாணவர் அங்கேயே திருப்பி அனுப்பப்படலாம்.

ஆவணங்கள் மீதான சந்தேகம் அண்மைக் காலத்தில் கூடியிருக்கிறது. 2023ஆம் ஆண்டில், முகவர்கள் கொடுத்த போலி அனுமதிக் கடிதங்களுடன் கனடாவுக்கு வந்துவிட்ட இந்திய மாணவர்கள் நாடு கடத்தலை எதிர்நோக்கி, டொரொண்டோவை அடுத்த மிசிசாகாவில் பல நாட்கள் போராட்டம் நடத்தினர். தாம் ஏமாற்றப்பட்டதாக அவர்கள் கூறினர். அதைத் தொடர்ந்து, கல்வி அனுமதிக்கு விண்ணப்பிப்பவர்களின் கடிதங்களைக் கல்வி நிறுவனங்களே நேரடியாக உறுதிப்படுத்தவேண்டும் என்ற நடைமுறை அவ்வாண்டு டிசம்பர் முதல் தேதி தொடங்கியது. 2024ஆம் ஆண்டு முதல் சர்வதேச மாணவர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் விதிக்கப்பட்டது.

வெளிநாட்டு மாணவர்களைப் பயிற்சிக்கு வரவேற்பதில் கனடாவுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1950ஆம் ஆண்டு கொழும்பில் நடந்த மாநாட்டில் உருவான கொழும்புத் திட்டத்தில் கனடாவும் பங்கேற்று, தெற்காசிய நாடுகளைச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி அளித்தது. ஆனால் அது அரசுகள் தமக்குள் பேசி, ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய காலம். இன்று ஒரு மாணவர் தனது மடிக்கணினியிலிருந்து பேராசிரியருடன் நேரடியாகப் பேசி வாய்ப்பைப் பெற முடிகிறது. அன்று அரசுகள் செய்த ஏற்பாடுகளின் பொறுப்பும் அதனுடன் சேர்ந்து அந்த மாணவர் மீதே விழுகிறது.

தாயகப் பல்கலைக்கழகம், அழைக்கும் பல்கலைக்கழகம், கனடிய அரசு ஆகிய மூன்றும் ஒரே பயணத்தைப் பற்றி மூன்று வேறுபட்ட கேள்விகளைக் கேட்கின்றன. இது பாடத்திட்டத்தில் சேருமா என்று முதலாவது கேட்கிறது. இவருக்கு யார் பொறுப்பு என்று இரண்டாவது கேட்கிறது. இவர் செய்யப்போவது வேலையா, அதற்கு உரிமை உண்டா, முடிந்ததும் திரும்புவாரா என்று மூன்றாவது கேட்கிறது. ஒருவருக்குச் சொன்ன பதில் மற்ற இருவருக்கும் போதாது. ஆனால் மூன்று பதில்களும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்கவேண்டும். விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே மூன்றையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளும் மாணவருக்கு, பன்னிரண்டு வாரங்களை ஆய்வுக்கூடத்தில் அச்சமின்றிக் கழிக்கும் வாய்ப்பு அதிகம்.