வழியில் நின்றுவிடும் மாத்திரை

இரவு மணி பதினொன்று. பல் வலியால் தவிக்கும் மாணவர் ஒருவர், வலி நிவாரணி மாத்திரை ஒன்றை ஒரு வாய் நீருடன் விழுங்கிவிட்டு உடனே படுத்துவிடுகிறார். பல வீடுகளில் நடப்பதுதான் இது. விடியும்போது பல் வலி குறைந்திருக்கிறது. ஆனால், நெஞ்சின் நடுவே எரிகிறது. எச்சிலை விழுங்கினால்கூட வலிக்கிறது. காரணம், மாத்திரை வழியிலேயே நின்றுவிட்டது.

தொண்டையையும் இரைப்பையையும் இணைக்கும் உணவுக்குழாய், பெரியவர்களுக்கு ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுடையது. விழுங்கிய உணவு அதனுள் தானாக வழுக்கி விழுவதில்லை. குழாயின் தசைகள் அலைபோல் சுருங்கி அதனைக் கீழே தள்ளுகின்றன. நீர் போதாவிட்டாலும் உடனே படுத்துவிட்டாலும் மாத்திரை மெதுவாகவே நகரும். உறக்கத்திலோ எச்சில் சுரப்பதும் அதனை விழுங்குவதும் வெகுவாகக் குறைந்துவிடும். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி உணவுக்குழாயை அழுத்திச் செல்லும் இடம் சற்றுக் குறுகலானது. பெரும்பாலும் மாத்திரை அங்கேதான் ஒட்டிக்கொள்கிறது.

ஒட்டிய இடத்திலேயே அது கரையத் தொடங்குகிறது. ஆஸ்பிரின் ஓர் அமிலம். 'அசிட்டைல்சாலிசிலிக் அமிலம்' என்பதே அதன் வேதியியல் பெயர். இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கத் தடித்த சளிப் படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அத்தகைய காப்பு இல்லை. ஆகவே, அதன் மென்மையான உட்சுவர் வெந்து புண்ணாகிறது. ஐபுபுரோஃபென், நேப்ரோக்சன் ஆகிய வலி நிவாரணிகளும் இவ்வாறு புண்ணாக்கக்கூடும். இளையோர் முகப்பருவுக்கு உட்கொள்ளும் டாக்சிசைக்ளின் வலி நிவாரணி அன்று. எனினும், இந்தப் பாதிப்பை ஏற்படுத்துவதில் அது பெயர் பெற்றது.

நெஞ்சு வலிக்கும்போது மாரடைப்போ என அஞ்சிப் பலர் மருத்துவரை நாடுகின்றனர். அதில் தவறில்லை. சிலரோ அந்த வலியைப் போக்கவும் அதே மாத்திரையை மீண்டும் விழுங்குகின்றனர். புண் மேலும் ஆழமாகிறது. அரிதாக, இரத்தக் கசிவும் ஏற்படலாம்.

மருந்தை நிறுத்தினால், பெரும்பாலோருக்குச் சில நாள்களிலோ சில வாரங்களிலோ புண் ஆறிவிடும். ஆனால், இதய நோய்க்காக நாள்தோறும் ஆஸ்பிரின் உட்கொள்ளும் முதியோர் அதனைத் தாமாக நிறுத்தக்கூடாது. மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். மாத்திரையை நிமிர்ந்து அமர்ந்து, ஒரு குவளை நீருடன் விழுங்க வேண்டும். அதன்பின் அரை மணி நேரமாவது படுக்காமல் இருந்தால், அது இரைப்பையைச் சென்றடைந்துவிடும்.