பெயர் வெளியே வராது, அப்ரைசல்?

பணியிடப் பாலியல் புகாரை 90 நாளுக்குள் விசாரித்து முடிக்கச் சொல்கிறது 2013 சட்டம். அதைத் தாண்டி எத்தனை புகார்கள் கிடப்பில் உள்ளன என்பதை 2025 ஜூலை 14 முதல் கம்பெனிகள் தங்கள் இயக்குநர் குழு அறிக்கையிலேயே சொல்லியாக வேண்டும். கணக்குக் காட்டும் நாள் நெருங்கினால் கோப்பை மூடும் அவசரம். சாட்சிகளுக்குத் திடீர்க் கடிதம். வாசகர்கள் கேட்பதும் அந்தக் கடிதத்தைப் பற்றித்தான்.

விசாகா கமிட்டி (இந்தப் புகார்களை விசாரிக்கும் அலுவலக உள் குழு) கூப்பிட்டால் போகாமல் இருக்கலாமா?

கஷ்டம். ஆளை வரவழைக்கவும் சத்தியப்பிரமாணத்தின் பேரில் விசாரிக்கவும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் கமிட்டிக்கு உண்டு. சாட்சி வருவதற்கு உதவுவது நிர்வாகத்தின் கடமை.

'ரகசியம் காக்கப்படும்' என்கிறார்களே?

பத்திரிகையிடமிருந்தும் பொதுமக்களிடமிருந்தும் காக்கப்படும். குற்றம் சாட்டப்பட்டவரிடமிருந்து அல்ல. புகாரோடு சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் தரச் சொல்வதே விதிதான்.

அவர் உங்கள் மேலாளராகவும் இருந்தால்? இங்கேதான் அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 8-வது விதியைப் படிக்க வேண்டும். புகார் கொடுத்த பெண்ணின் வேலையை அந்த மேலாளர் மதிப்பிடக் கூடாது, ரகசிய அறிக்கை எழுதக் கூடாது, அதை வேறு அதிகாரியிடம் கொடுங்கள் என்று கமிட்டி பரிந்துரைக்கலாம். அப்ரைசல் தாளை வைத்தே பழி தீர்க்க முடியும் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் விதி பேசுவது பாதிக்கப்பட்ட பெண்ணைப் பற்றி மட்டுமே. பக்கத்து நாற்காலியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவரின் இன்கிரிமென்ட் அதே மேலாளர் கையில்தான். சட்டம் சாட்சியை மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது: பொய் சொன்னால் நடவடிக்கை எடுக்க, சட்டத்தின் 14-வது பிரிவில் அவருக்கென்றே ஓர் உட்பிரிவு இருக்கிறது.

எனவே வாய் திறப்பதற்கு முன்பே, உங்கள் அப்ரைசலை வேறொருவர் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். விதி கட்டாயப்படுத்தவில்லை, தடுக்கவும் இல்லை.

வக்கீலோடு போகலாமா? புகார் கொடுத்தவருக்கும் எதிர்த்தரப்புக்குமே அந்த அனுமதி இல்லை.

குற்றம் சாட்டப்பட்டவர் எதிரிலேயே குறுக்கு விசாரணையா? கேள்விகளை எழுத்தில் வாங்கிக் கமிட்டியே கேட்கும் முறையை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன, அதைக் கேளுங்கள்.

சரியாக நினைவில்லையே? அதையே சொல்லுங்கள்.

விசாரிப்பவரே என் பெயரைக் கசியவிட்டால்? பணி விதிகளின்படி தண்டனை. பணி விதிகளே இல்லாத இடத்தில் 5,000 ரூபாய் அபராதம். அச்சுப்பிழை அல்ல.